மூலம் ஒரு சொல், உரை பல

ஆசிரிய நண்பர் சிலர் கூடியிருந்த ஓரிடத்தில், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கிய கதை அண்மையில் பேச்சுக்கு வந்தது. வயதில் மூத்த நண்பரொருவர், "படித்தவர்கள் ஆராய்ந்து தீர்க்க வேண்டிய காரியத்தைப் படியாத கூட்டத்தின் கையிற் கொடுத்தார்கள், பலனை அநுபவிக்கிறார்கள்" என்று தீர்ப்புக் கூறுவார்போற் கூறினார். தலையசைத்தோர் பலர். எனக்குத் தலையசைக்க மனம் வரவில்லை. அன்று மூத்தவர் முன்னிலையிற் சொல்ல வாய்க்காததை இன்று எழுதத் துணிகிறேன். அந்நாட்டு மக்கள் தந்த விடையிற் பிழை உண்டா இல்லையா என்பது ஒரு கேள்வி. அவர்களிடம் வினாவப்பட்ட வினாவிற் பிழை உண்டா என்பது வேறொரு கேள்வி. முன்னதைப் பற்றியே உலகம் பேசிற்று. பின்னதே என் கவலை.

2016 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆந் திகதி நடைபெற்ற அந்தச் சர்வசன வாக்கெடுப்பின் வாக்குச் சீட்டை நினைத்துப் பாருங்கள். ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாக நிலைத்திருக்க வேண்டுமா, அன்றி அதனை விட்டு நீங்க வேண்டுமா என்பது வினா. ஆம், இல்லை என்று விடை கூறும் வகையிலேயே அரசாங்கம் முதலில் இதனை அமைத்திருந்தது. "ஆம்" என்ற சொல்லுக்கு மனிதர் இயல்பாகவே இணங்குவர், ஆதலின் அவ்வமைப்பு ஒருபாற் கோடியது என்று தேர்தல் ஆணைக்குழு கருத்துரைத்தது. அதன்பின் "நிலைத்திருக்க", "நீங்க" என்ற இரண்டும் எதிரெதிரே வைக்கப்பட்டன. சொற்களின் நிறையை இத்தனை நுட்பமாக எடைபோட்டவர்கள், அவற்றின் பொருளை எடைபோட மறந்தனர் என்பதே வியப்பு. நீங்க வேண்டும் என்றோர் நூற்றுக்கு 51.9 பேர், நிலைத்திருக்க வேண்டும் என்றோர் 48.1 பேர். வாக்குக் கணக்கிற் பார்த்தால் வேற்றுமை 12 இலட்சத்து 69 ஆயிரத்துக்குச் சற்று மேல். வாக்குரிமை பெற்றோரில் நூற்றுக்கு 72 பேர் வாக்களித்தனர். அந்நாட்டில் அண்மைக்காலப் பொதுத் தேர்தல்கள் பலவற்றிலும் இத்தனை பேர் வாக்களித்ததில்லை. ஆகவே மக்கள் அக்கறையின்றி இருந்தனர் என்று எவரும் சொல்ல முடியாது.

திருக்குறளுக்குப் பதின்மர் உரை கண்டனர் என்பர். மூலம் ஒன்றாயினும் உரை பத்தாகலாம். அதனால் நூலுக்கு இழுக்கில்லை. ஏனெனில் உரையாசிரியர்கள் பிணங்கும்போது நாம் மூலத்திடம் திரும்பலாம். முன்னும் பின்னும் உள்ள செய்யுள்களை நோக்கலாம். அதிகாரத்தின் பெயரை நோக்கலாம். "நீங்குக" என்ற ஒற்றைச் சொல்லுக்கோ முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதனை எழுதிய ஆசிரியர் 1 கோடியே 74 இலட்சம் பேர். எப்பொருள் கருதி எழுதினீர் என்று அத்தனை பேரிடமும் போய்க் கேட்பது எங்ஙனம்?

பொருள்கள் ஒன்றிரண்டல்ல. நோர்வே நாடு ஒன்றியத்தில் இல்லை. ஆயினும் அதன் ஒற்றைச் சந்தையில் உண்டு, அதற்கெனப் பணமும் செலுத்துகிறது, ஒன்றியத்து மக்கள் தன் நாட்டில் வந்து தொழில் செய்வதற்கும் இடங்கொடுக்கிறது. துருக்கி ஒற்றைச் சந்தையில் இல்லை. கைத்தொழிற் பொருள்களுக்குச் சுங்க ஒன்றியம் மட்டும் வைத்திருக்கிறது. சுவிற்சர்லாந்து தனித்தனியாக நூற்றுக்கு மேற்பட்ட உடன்படிக்கைகளைச் செய்துகொண்டு ஒருவாறு வாழ்கிறது. கனடா கடலுக்கு அப்பாலிருந்து வணிக உடன்படிக்கை ஒன்றை மாத்திரம் செய்துகொண்டது. இவை எல்லாமே "நீங்கி நிற்றல்" தான். நீங்குவோர் பக்கத்திற் பேசியவர்களுள் சிலர் ஒற்றைச் சந்தையை விடவேண்டியதில்லை என்றனர். வேறு சிலர் விட்டேயாக வேண்டும் என்றனர். இவ்விரு திறத்தாரும் ஒரே மேடையில் ஏறி ஒரே சொல்லைச் சொல்லி வாக்குக் கேட்டனர். அவர்கள் தம்முள் உடன்பட்டது அந்தச் சொல்லளவிலேதான்.

எதிர்த் தரப்பார் மட்டும் தெளிவாகப் பேசினார்களா என்றால், அதுவும் இல்லை. ஒன்றியத்தில் இருப்பதனால் விளைந்த நன்மை இன்னது என்று சொல்வதை விட்டு, நீங்கினால் வரும் கேடு இன்னது என்று அச்சுறுத்துவதையே தொழிலாகக் கொண்டனர். 2030 அளவில் ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு 4,300 பவுண் இழக்கும் என்று திறைசேரி கணக்குச் சொல்லிற்று. மறுபக்கத்தார் வாரந்தோறும் 35 கோடி பவுண் ஒன்றியத்துக்குப் போகிறது, அதனை வைத்தியசேவைக்குக் கொடுப்போம் என்று சிவப்பு நிறப் பேருந்து ஒன்றில் எழுதி நாடெங்கும் ஓட்டினர். நாட்டுக்குத் திரும்பி வரும் பங்கைக் கழியாது சொன்ன தொகை அது; புள்ளிவிபர அதிகார சபை அதனைத் தவறான எண்ணம் தருவது என்று கண்டித்தும் பேருந்து நிற்கவில்லை.

பின்னாளிற் பிரதம மந்திரியான பொரிஸ் ஜோன்சன் அவர்கள் 2016 பெப்ருவரியில், தாம் எப்பக்கம் என்று அறிவிக்குமுன், நீங்குவதை ஆதரித்து ஒரு கட்டுரையும் நிலைத்திருப்பதை ஆதரித்து ஒரு கட்டுரையுமாக இரண்டு எழுதி வைத்திருந்தார். ஒன்று அச்சேறிற்று, மற்றது பின்னர் வெளிப்பட்டது. மனத்தைத் தெளிவாக்கிக்கொள்ளவே எழுதினேன் என்று அவர் விளக்கம் கூறினார். அதனைப் பொய் என்று நான் சொல்லவில்லை. நம் பாடசாலைகளின் விவாத அரங்கிலும் மாணவனை இரு பக்கமும் பேசப் பழக்குகிறோம் அன்றோ? ஆனால் மாணவன் பேசி முடித்தால் மணி அடிக்கும், வீட்டுக்குப் போவான்.

இனி, என் நண்பர் குறிப்பிட்ட "படியாத கூட்ட"த்துக்கு வருவோம். இங்கிலாந்தின் கிழக்கே பொஸ்ரன் என்றொரு சிறு பட்டினம் உண்டு. மரக்கறித் தோட்டங்கள் சூழ்ந்தது. அங்கே நூற்றுக்கு 75 பேருக்கு மேல் நீங்குக என்றனர். நாட்டில் மிகக் கூடிய வீதம் அது. 2004 இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் பல ஒன்றியத்திற் சேர்ந்தபோது, பழைய உறுப்பு நாடுகளுட் பிரித்தானியா, அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்றே தம் தொழிற்சந்தையை உடனே முற்றாகத் திறந்துவிட்டன. மற்றவை ஏழாண்டு வரை பொறுத்திருக்க ஒன்றியத்தின் விதியே இடந்தந்தது. பிரித்தானிய அரசாங்கம் அவ்விடத்தைப் பயன்படுத்தவில்லை. வருவோர் தொகையையும் மிகக் குறைத்து மதிப்பிட்டது. சில ஆண்டுகளில் பொஸ்ரன் போன்ற இடங்களிற் பாடசாலை வகுப்பறையும் வைத்தியர் வாயிலும் நெருக்கமுற்றன. வந்தவர்கள் உழைக்க வந்தவர்கள், அவர்கள்மேற் குற்றமில்லை. ஆனால் வந்தவர் தொகைக்கேற்ப வகுப்பறையைக் கூட்டாத அரசாங்கத்தின்மேற் குற்றம் உண்டு. அரசாங்கமோ, அது ஒன்றியத்தின் விதி, நாம் என் செய்வோம் என்று கையை விரித்தது. நாற்பதாண்டுகளாகத் தமக்கு வேண்டாத கேள்விக்கெல்லாம் அந்நாட்டு மந்திரிமார் சொல்லிவந்த விடை அது. விடையைக் கேட்டுக் கேட்டு மக்கள் நம்பினார்கள், நம்பியபடியே வாக்களித்தார்கள். இதிற் படிப்பின்மை எங்கே இருக்கிறது?

வடக்கே சண்டர்லாந்து நகரையும் சொல்வர். கப்பல் கட்டும் தொழில் அழிந்த ஊர் அது. நிசான் மோட்டார்த் தொழிற்சாலையால் மீண்டும் தலையெடுத்தது. அங்கே செய்யப்படும் வாகனங்களின் பெருஞ் சந்தை ஐரோப்பா. அவ்வூரார் நூற்றுக்கு 61 பேர் நீங்குக என்றபோது, தம் சோற்றில் தாமே மண்ணள்ளிப் போட்டனர் என்று இலண்டன் எள்ளி நகைத்தது. அங்ஙனம் நகைத்தவர்களுக்கு ஒன்று தெரியவில்லை: பொதுத் தேர்தலில் அவ்வூரார் வாக்கு எதனையும் மாற்றுவதில்லை, அஃது எப்போதும் தொழிற்கட்சியின் கோட்டை. அவர்கள் கையில் ஒரு வாக்கு உண்மையாகவே எண்ணப்பட்ட நாள் அந்த ஒன்றுதான். இதனைச் சொல்வதால் நீங்குக என்றோர் அனைவரும் வறியவர் என்று கொள்ளற்க. தென்பகுதியின் செல்வச் செழிப்புள்ள கிராமங்களும், ஓய்வூதியம் பெறும் முதியோரும் அவ்வணியில் ஏராளம். இளையோர் பெரும்பாலும் மறுபக்கம்.

வாக்களித்தோர் யார் என்ற வினாவில் நம்மவரைப் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. பொதுநலவாய நாடுகளின் குடிகள், பிரித்தானியாவில் முறைப்படி வதிந்து வாக்காளர் இடாப்பிற் பெயர் பதிந்திருந்தால், வாக்களிக்க உரிமை பெற்றிருந்தனர். ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு ஹரோவிலோ ஈஸ்ற் ஹாமிலோ வாழ்ந்த யாழ்ப்பாணத்தவர், நாட்டுக்கு வந்து இரண்டு ஆண்டே ஆயினும், வாக்களிக்கலாம். அவருக்கு அயல் வீட்டில் இருபதாண்டு வாழ்ந்து, வரி செலுத்தி, அங்கேயே பிள்ளை பெற்ற பிரெஞ்சுக்காரருக்கோ போலந்துக்காரருக்கோ அவ்வுரிமை இல்லை. தீர்ப்பு அமையப்போவதோ அவர்கள் வாழ்வைப் பற்றி! பதினைந்து ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரித்தானியருக்கும் வாக்கில்லை. 2014 இல் ஸ்கொட்லாந்து தனிநாடாவது பற்றிய வாக்கெடுப்பிற் பங்குகொண்ட பதினாறு பதினேழு வயதினருக்கும் இதில் இடமில்லை. வாக்காளர் யார் என்பதை வரையறுத்த சட்டத்தைக் குறைகூற நான் வரவில்லை. எல்லை எங்காவது வகுக்கப்படத்தான் வேண்டும். "மக்கள்" என்ற சொல்லுக்கும் உரை வேண்டியிருந்தது என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

வாக்கெடுப்பு முடிந்தபின் வந்த பிரதம மந்திரி திரேசா மே அம்மையார், வெளியேற்றம் என்றால் வெளியேற்றமே என்றார். இலக்கண வகுப்பில் ஒரு மாணவன், "மரம் என்பது யாது?" என்ற வினாவுக்கு "மரம் என்பது மரம்" என்று எழுதினால் எத்தனை புள்ளி இடுவோம்? ஆறு மாதங் கழித்து 2017 சனவரியிலே, ஒற்றைச் சந்தையும் இல்லை, சுங்க ஒன்றியமும் இல்லை என்று அவர் தம் உரையை வெளியிட்டார். அது அவருடைய உரை. நூற்றுக்கு 52 பேரும் அவ்வுரையையே கருதினர் என்பதற்குச் சான்று யாதொன்றும் இல்லை. கருதவில்லை என்பதற்கும் இல்லை.

உரைப்போர் பாராளுமன்றத்திற் புகுந்தது. 2019 சனவரி 15 இல் அம்மையாரின் உடன்படிக்கை 230 வாக்குகளால் தோற்றது. அண்மைக்கால வரலாற்றில் எந்த அரசாங்கமும் அடையாத தோல்வி. மார்ச்சு மாதத்தில் இருமுறை மீண்டும் கொணர்ந்தார், இருமுறையும் தோற்றார். இடையே அம்மாதம் 27 ஆந் திகதி, அரசாங்கம் வேண்டாம், நாமே முடிவு காண்போம் என்று உறுப்பினர்கள் எட்டுப் பிரேரணைகளை வாக்குக்கு விட்டனர். எட்டும் தோற்றன. சபாநாயகர் 1604 ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் மரபொன்றைக் காட்டி, ஒரே பிரேரணையை ஒரே கூட்டத்தொடரிற் பலமுறை கொணர்தல் தகாது என்றார். மக்களை இரண்டாமுறை கேட்பது ஜனநாயகத்துக்கு இழுக்கு என்றவர், பாராளுமன்றத்தை மூன்றுமுறை கேட்டார் என்பதையும் குறித்துக்கொள்க.

இதற்கிடையே சொற்போர் வெறும் சொற்போராக நிற்கவில்லை. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, நிலைத்திருப்பதை ஆதரித்த பாராளுமன்ற உறுப்பினர் ஜோ கொக்ஸ், தம் தொகுதியின் தெருவிலே தீவிர வலதுசாரி ஒருவனாற் கொல்லப்பட்டார். இரு சிறு பிள்ளைகளின் தாய். அடுத்து வந்த நவம்பரில், ஒன்றியத்துக்கு விலகல் அறிவித்தல் கொடுக்குமுன் பாராளுமன்றத்தின் சம்மதம் வேண்டும் என்று தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகளின் படங்களை நாளிதழொன்று முதற் பக்கத்தில் இட்டு, மக்களின் பகைவர் எனத் தலைப்பிட்டது. இப்சனின் நாடகத்தைக் கற்றோருக்கு அத்தலைப்புப் புதிதன்று. ஊரின் நீராடுகூடத்து நீர் நஞ்சுற்றது என்ற உண்மையைச் சொன்ன வைத்தியரைத்தான் அந்நாடகத்தில் ஊரார் அப்பெயராற் சுட்டினர். தலைப்பிட்டவர் நாடகத்தை வாசித்தாரோ இல்லையோ, அறியேன். வாசித்திருந்தால், தாம் எந்தப் பாத்திரத்தை ஏற்கிறோம் என்று ஒருகணம் நின்று யோசித்திருப்பார்.

இத்தனையும் சொற்களின் உலகம். சொல்லைக் கொண்டுபோய் மண்ணில் ஊன்றவேண்டி வந்த இடம் அயர்லாந்து. 1921 இல் அத்தீவு பிரிக்கப்பட்டதிலிருந்து வடக்குக்கும் தெற்குக்கும் இடையே ஏறக்குறைய 500 கிலோமீற்றர் நீளமுள்ள எல்லை ஒன்று ஓடுகிறது. வயலை ஊடறுத்து, பாதையை ஊடறுத்து, சில இடங்களில் ஒரே பண்ணையையும் ஊடறுத்துச் செல்லும் எல்லை. முப்பதாண்டுக் கலவரத்தில் 3,500 பேருக்கு மேல் மாண்டனர். எல்லையிற் காவற் கோபுரங்களும் படையினரும் நின்றனர். 1998 ஏப்பிரல் 10 ஆந் திகதி, பெரிய வெள்ளியன்று, உடன்படிக்கை ஆயிற்று. கோபுரங்கள் இறக்கப்பட்டன. இரு பக்கமும் ஒரே சந்தைக்குள் இருந்தமையாற் சுங்கச் சாவடியும் வேண்டியிருக்கவில்லை. எல்லை எங்கே என்று வழிப்போக்கன் அறியாத நிலை வந்தது. வீதிப் பலகையில் மைல் கிலோமீற்றராக மாறுவதைக் கண்டே அறிவான்.

ஒரு நாடு சந்தையை விட்டு நீங்கினால், சந்தைக்கு எல்லை ஒன்று வேண்டும். அந்த எல்லை எங்கே? பழைய இடத்தில் வைத்தால் சமாதானம் போம். ஐரிஷ் கடலில் வைத்தால், வட அயர்லாந்து தன் நாட்டிலிருந்தே சுங்கத்தால் வேறாக்கப்படும். எங்கும் வைக்காவிட்டால், பிரித்தானியா முழுவதும் சந்தையின் விதிகளைப் பின்பற்ற வேண்டும். அங்ஙனமாயின் நீங்கியது எதற்கு? இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். இதனை வாக்கெடுப்புக்கு முன் எடுத்துரைத்தோர் இல்லாமல் இல்லை. முன்னாட் பிரதம மந்திரிகளான ஜோன் மேஜரும் டொனி பிளேயரும் வட அயர்லாந்துக்கே சென்று எச்சரித்தனர். கேட்டார் இலர். வட அயர்லாந்து மக்கள் நூற்றுக்கு 55.8 பேர் நிலைத்திருக்க வேண்டும் என்றனர். ஸ்கொட்லாந்தில் 62 பேர். பெரிய வீட்டின் தொகைக்குள் சிறிய வீடுகளின் தொகை கரைந்துபோயிற்று.

திரேசா மே மூன்றாவது வழியை ஒட்டி நடக்க முயன்று பதவியிழந்தார். ஜோன்சன் இரண்டாவதைத் தேர்ந்து, எல்லையைக் கடலில் வைத்தார். அத்துறைமுகங்களில் எவ்விதப் பரிசோதனையும் இராது என்று வாயாற் கூறிக்கொண்டே எழுத்தால் அதற்கு ஒப்பமிட்டார். 2019 டிசம்பர்த் தேர்தலில் 80 ஆசனப் பெரும்பான்மை பெற்றார். 2020 சனவரி 31 இல் நாடு நீங்கிற்று. கடல் எல்லையை வெறுத்த ஜனநாயக யூனியனிஸ்ற் கட்சியினர் 2022 பெப்ருவரியில் வட அயர்லாந்து ஆட்சியிலிருந்து விலகினர். இரண்டாண்டு அங்கே ஆட்சிமன்றம் இயங்கவில்லை. 2023 இல் வின்சர் ஏற்பாடு என்ற திருத்தம் வந்தபின், 2024 பெப்ருவரியிலேதான் மீண்டனர்.

நீங்கியதனால் நட்டமா இலாபமா என்று கேட்போருக்கு ஒரு வரியில் விடை சொல்லலாம். வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், நாட்டின் உற்பத்தித்திறன் நெடுங்காலத்தில் நூற்றுக்கு 4 பங்கு குறையும் என்று கணக்கிட்டு வருகிறது. ஆனால் காசுக் கணக்கால் இவ்வழக்குத் தீராது. தன் சட்டத்தைத் தானே இயற்றும் உரிமைக்காகச் சிறிது வறுமையையும் ஏற்கலாம் என்று ஒருவன் சொன்னால், அவனை மூடன் என்று சொல்ல நமக்கு, அதுவும் அந்நியர் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாட்டவராகிய நமக்கு, வாய் வராது. எத்தனை வறுமை, எவ்வுரிமைக்காக என்று அவனுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் வாதம். 2025 மே மாதத்தில் இலண்டனிற் கூடிய மகாநாட்டில், 2038 வரை ஐரோப்பியர் மீன்பிடிக்க இடங்கொடுத்து, உணவுப் பொருட் பரிசோதனையைத் தளர்த்த உடன்பாடு காண இரு தரப்பும் இசைந்தன. விட்டுச் சென்ற சந்தையின் விதிகளை, அவற்றை இயற்றுங்கால் வாக்கில்லாமலே, இன்று பகுதி பகுதியாக ஏற்கும் நிலை வந்திருக்கிறது.

2019 இல் இரண்டாவது வாக்கெடுப்பு வேண்டும் என்று இலட்சக்கணக்கானோர் இலண்டன் வீதிகளில் ஊர்வலஞ் சென்றனர். நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது என்றே கருதுகிறேன். சொல்லுக்கு ஒப்புதல் கேட்டாயிற்று, இதோ உரை, இதற்கும் ஒப்புதல் கேளுங்கள் என்பது முறையான வாதம். ஆனால் அவர்களுட் பலர் அவ்வாதத்தைச் சொல்லவில்லை. அறியாதார் தந்த தீர்ப்பை அழித்துவிட்டு அறிந்தார் மறுபடி எழுதுவோம் என்ற தொனியிலே பேசினர். முதல் வாக்கெடுப்பில் நீங்குக என்ற சண்டர்லாந்துக்காரன் அந்தத் தொனியை நன்கு கேட்டான். என் நண்பரின் வாயிலும் நான் கேட்டது அதுவே.

வேறு வழி இருந்ததா என்றால், கடல் கடந்து நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அதே அயர்லாந்தின் தெற்கே, 2018 மே 25 இல், கருக்கலைப்புத் தடையை அரசியலமைப்பிலிருந்து நீக்குவது பற்றிச் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. மதமும் குடும்பமும் மனச்சாட்சியும் கலந்த, ஐரோப்பிய ஒன்றியத்தைவிட நூறு மடங்கு கூர்மையான வழக்கு. முதலிற் குடிமக்கள் 99 பேரைத் திருவுளச்சீட்டு முறைபோல் எழுமானத்தில் தெரிந்து, ஒரு தலைவரின் கீழ், மாதக்கணக்காக இருந்து ஆராயச் செய்தனர். பின் பாராளுமன்றக் குழு ஆராய்ந்தது. நீக்கினால் எத்தகைய சட்டம் வரும் என்பதன் வரைவை வாக்கெடுப்புக்கு முன்னரே அரசாங்கம் வெளியிட்டது. நூற்றுக்கு 66.4 பேர் இசைந்தனர். தோற்றவர்கள் மனம் வருந்தினர். இன்றும் வருந்துவோர் உளர். ஆனால் மக்கள் சொன்னது என்ன என்று கேட்டு எவரும் வழக்காடவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலே சட்டம் நிறைவேறிற்று.